கேப்டன் காலனியில் காலி டப்பாவின் எடை

கேப்டன் காலனியில் ஒரு கேப்டன்கூடக் குடியிருந்தது கிடையாது. பம்ப்மேன், ஃபிட்டர், சமையல்காரர், என்ஜின் அறையில் எண்ணெய் துடைத்தவர் என்று கப்பலின் அடித்தட்டிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர்கள், தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டி மனை மலிவாகக் கிடைத்த காலத்தில் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும், கீழே நின்றால் பக்கத்து வீட்டுச் சண்டை கேட்கும், அதனால் ஆம்பளைகள் மாடியிலும் பொம்பளைகள் கீழேயும் நின்றார்கள். கப்பலுக்குச் சாமான் போடுகிற கடைக்காரர், கப்பல் வாங்காமல் திருப்பிவிட்ட டப்பா பானங்களை, இஞ்சி சோடாவோ லிச்சியோ பேர் வாசிக்க வராத நாட்டின் கசப்புத் தண்ணீரோ, தேதி முடிகிறதற்குள் பெட்டி பெட்டியாக இந்தக் காலனியில் மலிவு விலைக்குத் தள்ளிவிடுவார். மாதா கோயிலில் சாயங்கால மணி அடித்து, ஜெபமாலை சொல்கிறவர்கள் சொல்லி, சொன்னதாகப் பாவனை செய்கிறவர்கள் பாவனை செய்து முடித்ததும், வீட்டுக்கு வீடு டப்பா திறக்கும் சத்தம் தெரு முழுக்க ஓடும். வேறு ஊர்களில் காபி குடிப்பார்கள். இங்கே இது.

குடித்த டப்பாவுக்குச் சனிக்கிழமை வரை பல வேலைகள் இருந்தன. காக்காயை விரட்ட வடகத் துணிக்கு மேலே கயிற்றில் கோத்துக் கட்டினார்கள், பொரித்த எண்ணெயை ஊற்றி வைத்தார்கள், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் வெட்டுகிறேன் என்று கையை வெட்டிக்கொண்டார்கள். டப்பாவின் வளையத்தை மட்டும் பிய்த்து ஒரு சாக்கு சேர்த்தால் ஏதோ ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தருவார்கள் என்று யாரோ சொல்ல, வருஷக்கணக்காகப் பிய்த்துச் சேர்த்தார்கள், நாற்காலி வந்தபாடில்லை. மிச்சத்தை எல்லாம் சனிக்கிழமை பழைய இரும்புக் கடை தர்மக்கண் அண்ணாச்சி வந்து எடுத்துக்கொள்வார். மூன்று சக்கர வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, கிளையில் தொங்கு தராசை மாட்டி, ஒவ்வொரு டப்பாவாகக் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் தகரம், ஒட்டாவிட்டால் அலுமினியம். பிறகு கவிழ்த்து உதறுவார், எடை கூட்ட உள்ளே மண் போடுகிறவர்கள் உண்டு. பிறகு குதிகாலால் ஒரே மிதி. எழுபது டப்பா சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேறும்.

"எழுபது சாயங்காலம் ஒரு கிலோவா?" என்று பம்ப்மேன் லயனலின் பெண்டாட்டி ஜெசிந்தா ஒருமுறை கேட்டாள்.

"காத்துதானே தாயி உள்ள இருந்துச்சு. காத்துக்கு நான் என்ன வெலை போட?" என்றார் தர்மக்கண்.

அது நடந்த சனிக்கிழமை வெயில் வழக்கம்போல அடித்தது, நாய் வழக்கம்போலக் குறுக்கே படுத்திருந்தது, வானத்திலோ கடலிலோ எந்த அடையாளமும் இல்லை. ஹெக்டர் அங்கிளின் ஒரே ஒரு டப்பாவைத் தட்டில் போட்டதும், தராசு வேப்பங்கிளையோடு கீழே இறங்கி, நாயின் முதுகை உரசி, தரையில் 'தொம்' என்று உட்கார்ந்தது.

"என்ன அங்கிள், உப்பளத்தையே அள்ளிப் போட்டுட்டீயளா?"

"மாதா சத்தியமா காலி டப்பா, வே!"

தர்மக்கண் கவிழ்த்தார், ஒன்றும் விழவில்லை. காந்தம் வைத்தார், ஒட்டவில்லை. மிதித்தார், குதிகாலைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்துவிட்டார். டப்பா நசுங்கித்தான் இருந்தது, சப்பாத்தி போலத் தட்டையாக, ஒரு ஆட்டுரலின் கனத்தோடு. ஹெக்டர் அங்கிள் யார் என்றால், காலனியிலேயே அதிகச் சத்தமான மனுஷன், ஐஸ்லாந்தில் திமிங்கலம் அவருக்கு வணக்கம் சொன்ன கதையை ஊருக்கே சொன்னவர், சாயங்காலம் ஆனால் அவர் வீட்டு வராந்தாவில் பத்துப் பேராவது உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் இப்போது அவரைப் பார்த்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

அடுத்து எமிலி அக்காவின் டப்பா. புருஷன் போய்ப் பல வருஷம், பிள்ளை இல்லை, துணைக்குக் கோழிகள் மட்டும். இது தராசையே ஒடித்துவிடும் என்று எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். டப்பா தட்டில் உட்காராமல் ஒரு சாண் மேலே எழும்பி, காற்றில் பஞ்சுபோல மிதந்து, எமிலி அக்காவின் தோளிலேயே வந்து இறங்கியது.

"அவர் போன பிறகுதானே நான் முழுசா ஒரு டப்பா குடிக்கேன்," என்றாள் எமிலி அக்கா. "அதுவரைக்கும் எனக்குக் கடைசி மடக்குதான்."

இப்படித்தான், யாரும் எடுத்துச் சொல்லாமலேயே, டப்பாவில் எது கனக்கிறது என்பது காலனிக்குப் புரிந்துபோனது.

புரிந்ததும் ஜனங்கள் பயப்படவில்லை, முழங்காலில் விழவில்லை, எடைக்கு எடை லாபம் பார்க்கக் கிளம்பினார்கள். புருஷன்மார் பெண்டாட்டிகளை மாடிக்கு அனுப்பி, "தனியா உட்கார்ந்து குடிச்சிட்டு வா, நல்லா ஏக்கமா நினைச்சுக்கோ," என்று கதவைச் சாத்தினார்கள். பிறந்ததிலிருந்து கால்மணி நேரம் தனியாக உட்கார்ந்திராத அந்தப் பொம்பளைகள் காலை நீட்டிக்கொண்டு குடித்தார்கள், அவர்கள் டப்பாக்கள் மாடிச் சுவரைத் தாண்டி உப்பளத்துப் பக்கம் பறந்துபோயின. கல்யாண வீட்டில், ஐந்நூறு பேர் நடுவில், மணமேடையிலேயே குடித்த ஒரு டப்பாவை எடுக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது, அது பெண்ணுடையதா மாப்பிள்ளையுடையதா என்று இரண்டு குடும்பமும் இன்றுவரை சண்டை போடுகின்றன. சாமியார் பிரசங்கத்தில் இதைப் பற்றிப் பேசப் போகிறார் என்று கோயில் நிறையக் கூட்டம் வந்தது. அவர் பைபிளில் வருகிற கானா ஊர்க் கல்யாணத்தைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிட்டார், அவருடைய சமையல்காரர் மட்டும் சாமியார் அறையின் குப்பைக்கூடையை இப்போதெல்லாம் இழுத்துக்கொண்டுதான் போக முடிகிறது என்றார். மானம் போகிறது என்று கோயில் பங்குப் பேரவை தராசுக்கு முன்னால் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் திரையாகக் கட்டியது. திரை மறைத்தது சரி, 'தொம்' என்ற சத்தத்தை எதை வைத்து மறைப்பது? அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் யார் வீட்டில் 'தொம்' என்று விழுந்தது என்று காலனி முழுக்கத் தெரிந்தது, தெரிந்ததும் அந்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் பாயசத்தைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள், போனவர்கள் திரும்பிய பிறகு அந்த வீட்டு டப்பா இன்னும் கொஞ்சம் கனம் கூடியது.

ஜெசிந்தா பாயசம் கொண்டுபோகவில்லை. அவளுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்காது, பார்க்கப்படுவது அதைவிடப் பிடிக்காது. தன்னைத் தானே பரிதாபமாக நினைப்பது பாவம் என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் விரல் முட்டியில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதில் அவள் முதல் மாணவி.

அவள் புருஷன் லயனல் முப்பது வருஷம் கப்பலில் பம்ப்மேனாக இருந்தவர். வருஷத்தில் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அந்தப் பத்து மாதத்தில் துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி, போன் கார்டு வாங்கிக் கூப்பிடுவார். "சாப்பிட்டியா, பாப்பா படிக்காளா, மழை உண்டா" என்று முக்கால்வாசி கார்டை வீணடித்துவிட்டு, பிறகு திடீரென்று, "ஜெசி, கார்டு முடியப் போகுது," என்பார். அந்தக் கடைசி நிமிஷத்தில்தான் இரண்டு பேரும் மூச்சு வாங்க, ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து, சொல்ல வேண்டியதைச் சொல்வார்கள். நேற்று நீ கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிற மாதிரிக் கனவு கண்டேன் என்பார். உங்க சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன் என்பாள். டொக். வெட்டிவிடும். ஜெசிந்தா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

இப்போது லயனல் வேலையை முடித்துக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டார். மகள் கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். கார்டு முடியப் போவதில்லை, எதுவும் முடியப் போவதில்லை, முழு நாளும் இருக்கிறது, நாளைக்கும் இருக்கிறது. அவசரம் போனதோடு பேச்சும் போய்விட்டது. சாயங்காலம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை மாடியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கிரேன்களைப் பார்த்தபடி, ஆளுக்கொரு டப்பா குடிப்பார்கள்.

"இன்னைக்குக் கன்டெய்னர் கப்பல் வந்திருக்கு," என்பார்.

"ம்," என்பாள்.

ஹெக்டர் அங்கிளின் டப்பாவால் தராசு விழுந்த மறுநாள் சாயங்காலம், கடைசி மடக்கைக் குடித்துவிட்டு டப்பாவைக் கீழே வைக்கப் போன ஜெசிந்தாவின் மணிக்கட்டு அப்படியே தொங்கிப்போனது. முதலில் வாதம் என்று நினைத்தாள். வாதமாகவே இருக்கக்கூடாதா என்று பிறகு நினைத்தாள். பக்கத்தில் தொட்டும் தொடாமல் புருஷன் உட்கார்ந்திருக்க, தன் டப்பா எப்படிக் கனக்கலாம்? இதை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனால் கிளையே முறியும், எமிலி அக்கா வேடிக்கை பார்க்க வருவாள். ஜெசிந்தா இரண்டு கையாலும் தூக்கி, சமையலறைப் பரணில், கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தாள். மறுநாளும். அதற்கு மறுநாளும்.

"உங்க வீட்டு டப்பாவை எடைக்குக் கொண்டாரக் காணோமே?" என்றாள் எமிலி அக்கா.

"செடி வைக்கச் சேர்க்குறேன்," என்றாள் ஜெசிந்தா, அவள் வீட்டில் ஒரு துளசிகூட இல்லை.

ஆனால் அவளைத் தின்றது தன் டப்பா அல்ல, அவருடையது. லயனல் குடித்து முடித்ததும் டப்பாவின் விளிம்பை இரண்டே விரலால் பிடித்து, பூனைக்குட்டியைப் பிடரியில் தூக்குவதுபோல அலட்சியமாகத் தூக்கிக்கொண்டு, "போட்டுட்டு வாறேன்," என்று கீழே போவார். இரண்டே விரல்! அப்படியானால் அது லேசு, எமிலி அக்கா வீட்டு டப்பா மாதிரி லேசு. இந்த மனுஷனுக்கு ஒரு ஏக்கமும் இல்லை. நான் பக்கத்தில் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று, அவருக்குக் கிரேன் போதும். முப்பது வருஷம் காத்திருந்தது கிரேனைப் பார்க்கிறதற்கா? ஒரே ஒரு முறை அவர் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தாள். வாங்கி, அது மிதந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். "குடுங்க, நான் போடுறேன்," என்று ஒருநாள் கையை நீட்டியும்விட்டாள். "இருக்கட்டும், நீ எதுக்கு," என்று அவர் எழுந்துபோய்விட்டார்.

எங்கே போடுகிறார்? சனிக்கிழமைச் சாக்கில் அவர் டப்பா இல்லை. தெருக் கூட்டுகிற பேச்சியிடம் கேட்டாள்.

"சாரா? எனக்கு ஒரு டப்பா குடுத்தது கிடையாதுக்கா. நல்ல மனுஷன்தான், ஆனா கைதான் வராது."

இதற்குள் தர்மக்கண் அண்ணாச்சி ஓய்ந்துபோயிருந்தார். அவர் ஆசை ஆசையாக வாங்கிக் குவித்த கனத்த டப்பாக்களை எல்லாம் பாத்திரம் வார்க்கிற பட்டறையில் திருப்பிவிட்டார்களாம். லாரியில் கல்லாகக் கனத்தது, உலையில் போட்டு உருக்கினால் வழக்கமான அதே ஒரு கரண்டி அலுமினியம்தான் நிற்கிறது, மிச்சக் கனம் எங்கே போனதென்று தெரியவில்லை, புகைகூட வரவில்லை.

"இனிமே எண்ணித்தான் எடுப்பேன், எடை கிடையாது," என்று தராசைக் கழற்றிவிட்டார். "உங்க சோகத்துக்கு மார்க்கெட் இல்ல தாயி, மன்னிச்சிக்கோங்க."

விலை போகாத பொருளுக்கு வேறு வேலை கண்டுபிடிக்காவிட்டால் அது கேப்டன் காலனியே இல்லை. கனத்த டப்பாக்களைக் கதவு அடிக்காமல் அண்டை கொடுத்தார்கள், மாங்காய் ஊறுகாயின் மேல் அமுக்கி வைத்தார்கள், பந்தல் தார்ப்பாயின் மூலைகளுக்குக் கட்டினார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் வந்து வலைக்குக் கட்ட ஹெக்டர் அங்கிள் டப்பாதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போனார்கள், ஈயத்தைவிட நின்று இழுக்கிறதாம். "அங்கிள், நாளைக்கு ரெண்டு டப்பா வேணும், மறந்துராதீய," என்று தினம் யாராவது அவர் வாசலில் வந்து நின்றார்கள். அப்படிக் கேட்கக் கேட்க அவர் டப்பாக்கள் லேசாகிக்கொண்டே வந்து, கடைசியில், "மன்னிச்சிரு மக்கா, சரக்கு முன்ன மாதிரி இல்ல," என்று அவர் வெட்கப்படும்படி ஆனது.

ஜெசிந்தா வீட்டு வாசலில் யாரும் கேட்டு நிற்கவில்லை. அவளிடம் இருப்பது யாருக்குத் தெரியும்?

ஒருநாள் காலை, எமிலி அக்கா முட்டை கொண்டுவந்து சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, தலைக்கு மேலே பரண் 'நறநற' என்றது. ஜெசிந்தா எமிலி அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அடுத்த நொடி கடப்பாக் கல் இரண்டாக உடைந்து, குடில் பெட்டி விழுந்து, சூசையப்பர் பொம்மை உருண்டு, அவருக்குப் பின்னாலேயே டப்பா டப்பாவாக, 'தொம், தொம், தொம்' என்று தரையைக் குழி பறித்துக்கொண்டு இறங்கின. தூசி அடங்க வெகுநேரமானது.

"ஜெசி, இதெல்லாம்..."

"செடிக்கு வெச்சது."

"எந்தச் செடிக்குடி?"

ஜெசிந்தா குனிந்து சூசையப்பரை எடுத்துச் சேலை முனையால் துடைத்தாள். எமிலி அக்கா முட்டையை மேடையில் ஒவ்வொன்றாக வைத்தாள். "கவனமா எடு, ரெண்டு கோழி புதுசா முட்டை வைக்குது, தோல் மெல்லிசு," என்று சொல்லிவிட்டுப் போனாள். வாய்க்குள் ரேடியோ வைத்திருக்கும் எமிலி அக்கா அன்றைக்கு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த இரக்கத்தைத்தான் ஜெசிந்தாவால் தாங்க முடியவில்லை.

சத்தம் கேட்டு லயனல் வாசலில் வந்து நின்றிருந்தார். உடைந்த பரணைப் பார்த்தார், தரைக் குழிகளைப் பார்த்தார், குனிந்து ஒரு டப்பாவைத் தொட்டார். அவர் ஏதாவது கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவது என்று ஜெசிந்தா தயாராக இருந்தாள்.

"மேல அடுக்குனா கவிழ்ந்துரும்," என்றார் லயனல். "கனத்தை எப்பவும் அடியில வைக்கணும், ஜெசி."

"என்னது?"

"வா."

பின்கட்டில், வருஷக்கணக்காக விரிசல் விட்டுக் காய்ந்துகிடந்த தரைத்தொட்டியின் இரும்பு மூடியை அவர் இழுத்துத் திறந்தார். ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். உள்ளே, சுவருக்குச் சுவர், வரிசை வரிசையாக, வரிசைக்கு நடுவில் சாக்கு விரித்து, அலை அடித்தாலும் நகராதபடி கயிறு போட்டு, கப்பல் முடிச்சு முடிந்து, அவர் டப்பாக்கள் இருந்தன. அவள் தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டு ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். தொட்டியே அடியோடு பெயர்ந்து வந்தாலும் வரும், அது வராது.

"எப்ப இருந்து?"

"வந்ததுல இருந்து."

"ரெண்டு விரல்ல தூக்கிட்டுப் போனீங்களே! நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்!"

"முப்பது வருஷமாத் தூக்குறேன்ல. பழக்கம்."

ஜெசிந்தா எழுந்து உட்கார்ந்தாள். சேலையெல்லாம் மண். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவளுக்கு எதுவாக இருந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ சந்தோஷமா இருக்கேன்னு நினைச்சேன்."

"நானா? என் மூஞ்சியைப் பார்த்தா?"

"மூஞ்சியை எங்கே பார்த்தேன்?" என்றார் லயனல். "ரெண்டு பேரும் கிரேனைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தோம்."

மத்தியானம் முழுக்க அவளுடைய டப்பாக்களைச் சாக்கில் போட்டு, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, பின்கட்டுக்குச் சுமந்தார்கள். "மெதுவா, இடுப்பு போயிரும்," என்றார் அவர். "என் இடுப்பை எனக்குத் தெரியும், உங்க முனையைத் தூக்குங்க," என்றாள் அவள். லயனல் தொட்டிக்குள் இறங்கி, தன் வரிசைகளை அவிழ்த்து, நடுவில் இடம் பண்ணி, அவளுடையதை அங்கே அடுக்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கயிற்றில் முடிந்தார். மூடியைச் சாத்தினார்கள். மேலே நின்று பார்க்கும்போது வீடு கொஞ்சம் தாழ்ந்து, உப்பு மண்ணில் நன்றாக ஊன்றி உட்கார்ந்ததுபோல இருந்தது. சுவரில் மாட்டியிருந்த படங்கள் ஒரு தரம் ஆடி நின்றன. கனம் அப்படியேதான் இருந்தது, ஒரு குன்றிமணி குறையவில்லை.

சாயங்காலம் மணி அடித்தது. தெருவில் டப்பா திறக்கும் சத்தம் ஓடியது. மாடியில் ஜெசிந்தா தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் உதைத்துத் திருப்பி, கிரேன்களுக்கு முதுகைக் காட்டி, லயனலுக்கு எதிரே உட்கார்ந்தாள். முழங்காலும் முழங்காலும் இடித்துக்கொண்டன. இவ்வளவு கிட்டத்தில் அவர் முகம் அவளுக்குப் புதிதாக இருந்தது, இடது புருவத்தில் ஒரு தழும்பு, அது எந்தத் துறைமுகத்தில் விழுந்தது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் டப்பாவைத் திறந்தார்கள். ஒரு மடக்கு குடித்தார்கள். லயனல் டப்பாவின் விளிம்பை விரலால் துடைத்தார்.

"இன்னைக்குக் கன்டெய்னர் கப்பல்..." என்று ஆரம்பித்தார்.

ஜெசிந்தாவுக்குப் பொறுமை என்பது என்றைக்கும் இருந்தது கிடையாது.

"கார்டு முடியப் போகுது," என்றாள். "சீக்கிரம் சொல்லுங்க."

லயனல் அவளையே பார்த்தார். பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்து, மூச்சு வாங்க, வார்த்தைக்கு மேல் வார்த்தை விழ, தழும்பைப் பற்றியும், துவைக்காத சட்டையைப் பற்றியும், இந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று இன்னும் தனக்குத் தெரியவில்லை என்பதைப் பற்றியும், விருந்தாளி மாதிரி ராத்திரி தண்ணீர் குடிக்கக்கூடக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பதைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார். அவள் நடுவில் புகுந்தாள், திட்டினாள், தானும் சொன்னாள். அவள் முதுகுக்குப் பின்னால் கிரேன்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது, ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கையில் டப்பா பாதி நிறைந்தபடியே குளிர் விட்டுச் சூடாகிக்கொண்டிருந்தது.